ஐம்பது சுரத்து மவுசு

எங்கள் காலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையின் கையில் என்ன போன் இருக்கும் என்பதை முடிவு செய்தது அப்பாவின் தொலைபேசி ஒப்பந்தம். சிங்கப்பூரில் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டால் புதுப் போன் சல்லிசான விலையில் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்ததும் அப்பா புதுசு எடுப்பார். அவருடைய பழசு அம்மாவுக்கு, அம்மாவுடையது அக்காவுக்கு, அக்காவுடையது எனக்கு. தீபாவளிப் பாவாடை சட்டை வந்து சேர்ந்த அதே வழிதான். 2002-இல் நான் உயர்நிலை ஒன்றுக்குப் போனபோது அப்படி என்னிடம் இறங்கியது நோக்கியா 3310.

கூடவே ஒரு முன்கட்டண அட்டை. அம்மாதான் காசு போட்டுத் தருவார். குறுஞ்செய்தி ஒன்றுக்கு 5 காசு. அழைப்பு வந்து எடுத்தாலும் நம் கணக்கில்தான் காசு கழியும். அதனால் யாரும் யாருடனும் பேசுவதில்லை, மணியடித்து வைத்துவிடுவோம். ஒரு மணி என்றால் "புளோக் கீழ வந்துட்டேன்", இரண்டு என்றால் "பஸ் ஏறிட்டேன்". இப்படி மணியிலேயே குடும்பம் நடத்திய கூட்டத்துக்கு அந்த மணி என்ன பாட்டில் அடிக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, நாள் முழுக்கப் போனை ஓசையில்லாமல் வைத்திருக்கும் இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

எனக்கு அப்போது இரண்டு பள்ளிகள். காலையில் வீட்டுப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி. அந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அங்கே தமிழ்ப் பாடம் இல்லாததால் வாரத்தில் சில பிற்பகல்கள் பீட்டி ரோட்டிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போக வேண்டும். தீவின் எந்தெந்த மூலையிலிருந்தோ, விதவிதமான சீருடையில், வியர்வையோடு வந்து சேர்வார்கள். நீ காலையில் மாணவர் தலைவியா, கணக்கில் புலியா, வலைப்பந்து அணியில் இருக்கிறாயா, அங்கே எவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தேர்ச்சியை வைத்துப் பிரித்த விரைவுநிலையா வழக்கநிலையா என்பது மட்டும் வகுப்பறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றபடி எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. காலைப் பள்ளியில் நான் "அந்த இந்தியப் பொண்ணு". பீட்டி ரோட்டில் அத்தனை பேரும் அதுதான், ஆகவே வேறு ஏதாவது ஆக வேண்டியிருந்தது.

பேர் வாங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. தாழ்வாரத்தில் நடந்தால் யாராவது "ஏய்" என்று கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறவர் எனக்குத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

அந்தச் சமயத்தில் எல்லாருக்கும் இருந்த பசி ரிங்டோன். பத்திரிகையில் விளம்பரம் வரும், ஒரு குறியீட்டை அனுப்பினால் பாட்டு போனுக்கு வந்து இறங்கும், அட்டையிலிருந்து வெள்ளிக் கணக்கில், அதாவது டாலர் கணக்கில், காசு போகும். அம்மா போட்ட காசு ஒரே ராத்திரியில் காலி. அதிலும் ஆங்கிலப் பாட்டும் சீனப் பாட்டும்தான் நிறைய. ஒலி 96.8 வானொலியில் அந்த வாரம் திரும்பத் திரும்பப் போட்ட படப்பாட்டு வேண்டுமென்றால் கிடைக்காது. ஆனால் 3310-இல் கம்போசர் என்று ஒன்று இருந்தது. நாமே சுரம் சுரமாக அழுத்தி ஒரு ரிங்டோன் செய்துகொள்ளலாம். அதிகபட்சம் 50 சுரம்.

பெரும்பாலானவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு மட்டும் அது திறந்த அன்றே புரிந்தது. அதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பு. வேண்டா வெறுப்பாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பு. அங்கே சொல்லிக் கொடுத்த ஏழு சுரமும் அந்த எண் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. 1 அழுத்தினால் ச. 2 ரி, 3 க, 4 ம, 5 ப, 6 த, 7 நி. 8 சுரத்தின் நீளத்தைக் குறைக்கும், 9 கூட்டும். 0 அழுத்தினால் மௌனம். நட்சத்திரப் பொத்தான் ஸ்தாயியை மாற்றும், அதாவது அதே சுரத்தை மேலேயோ கீழேயோ கொண்டுபோகும். அதற்கு எதிர்ப்பக்கத்துப் பொத்தான் அரைச் சுரம் ஏற்றும்.

முதலில் பாட்டு வகுப்பின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைத்தான் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஏழு வரை அப்படியே அழுத்தினால் வருவது சங்கராபரண ராகம். வகுப்பில் பாடுவதோ மாயாமாளவகௌளை. ரி-க்கு 2-ஐத் தொடவே கூடாது, 1-ஐ அழுத்தி அரைச் சுரம் ஏற்ற வேண்டும். த-வுக்கு 5-ஐ அழுத்தி ஏற்ற வேண்டும். இதைக் கண்டுபிடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. டீச்சர் வருஷக்கணக்காகத் தொண்டை வறளச் சொன்ன "சுத்த ரிஷபம்" என்பது எனக்கு முதன்முதலாக விளங்கியது படுக்கையில் போர்வைக்குள், ஒரு நோக்கியாவில்.

படப்பாட்டை இதில் இறக்குவது தனிக் கலை. ஐம்பதே சுரம். பல்லவியின் இரண்டு அடி வரும், கொஞ்சம் இழுத்தால் மூன்றாவது அடியின் தலை எட்டிப் பார்க்கும். பாட்டில் இருக்கும் குழைவு எதுவும் வராது. கமகம் கேட்டால் நோக்கியா கையை விரிக்கும். கீச்சென்று ஒரு சுரம், அப்புறம் கீச்சென்று அடுத்த சுரம். ஆகவே குழைவுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை எடுக்க வேண்டும், எந்த இடத்தில் வெட்டினால் அந்தப் பாட்டு இன்னும் அந்தப் பாட்டாகவே இருக்கும் என்று பார்க்க வேண்டும். சில மெட்டுகள் எலும்பாகவும் அழகாக இருந்தன. பெரிய வாத்தியக் கூட்டத்தோடு வந்த சில பாட்டுகளுக்கு எலும்பே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இசையமைப்பாளர்களைப் பற்றி எனக்குச் சில தீர்மானமான கருத்துகள் உண்டு. அவற்றை இங்கே எழுதினால் சண்டை வரும், விடுங்கள்.

ஒரு பிற்பகல் பீட்டி ரோட்டில் வகுப்பு தொடங்குமுன் என் போன் அடித்தது. அடிக்க வைத்தேன் என்று சொல்வதே சரி; பக்கத்திலிருந்தவளிடம் மணியடிக்கச் சொல்லியிருந்தேன். முன்வரிசையில் இருந்த பையன்கள் திரும்பினார்கள். "ஏ, அது அந்தப் பாட்டுல்ல? எங்க வாங்கினே?" வாங்கவில்லை, செய்தேன் என்றேன். நம்பவில்லை. அவன் போனை வாங்கி அங்கேயே அழுத்திக் கொடுத்தேன். ஆசிரியர் வருமுன் முடியவில்லை, பாதியில் நின்றது. இடைவேளையில் மீதியை முடிப்பதற்குள் சுற்றிலும் ஆள்.

அதற்குப் பிறகு நானாக யாருக்கும் அழுத்தித் தரவில்லை. ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதிக் கொடுத்தேன். மேல் வரியில் அழுத்த வேண்டிய எண்கள்; அடியில் சின்னதாக 8 எத்தனை தடவை, 9 எத்தனை தடவை; கடைசியில் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது. ஒரு தாள் ஒரு பாட்டு. வாங்கிக்கொண்டு போனவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து அழுத்துவார்கள், எங்கேயோ தப்பு வரும், மறுநாள் தாளோடு வந்து நிற்பார்கள். அந்தத் தப்புதான் என் மவுசின் முதுகெலும்பு. அவர்கள் என்னிடம் திரும்பி வர வேண்டியிருந்தது. வேறு வகுப்பிலிருந்து வந்தார்கள், உயர்நிலை நான்கு அண்ணன்மார்கள் வந்தார்கள், பேர் தெரியாமல் "அந்த நோக்கியா பொண்ணு எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். காது குளிர்ந்தது என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருமுறை பாடத்துக்கு நடுவே ஒருவனின் போன் அலறியது. என் கைவண்ணம். ஆசிரியர் குறளை நிறுத்திவிட்டு அது முழுதாக ஒலித்து முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கச்சேரிக்குப் போகிறவர் என்பது எங்களுக்குத் தெரியாது. "ரெண்டாவது அடியில காந்தாரம் இவ்வளவு மேல போகாதே, கொஞ்சம் இறங்கணுமே" என்றார். "போட்டது யாரு?" வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரி. காந்தாரத்துக்கு, அதாவது க-வுக்கு, போட்டிருந்த 3-ஐ எடுத்துவிட்டு 2-ஐ அரைச் சுரம் ஏற்றினேன், பாட்டு டக்கென்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஏற்கெனவே தாள் வாங்கியவர்களுக்கெல்லாம் திருத்தம் கொடுத்தேன். மென்பொருள் நிறுவனங்கள் செய்வதை நான் அன்றைக்கே செய்திருக்கிறேன் என்று வேலையிடத்தில் அவ்வப்போது பெருமையடிப்பதுண்டு.

சரி, இதே வித்தையைக் காலைப் பள்ளியில் காட்டலாமே என்று போனால், அங்கே என் பருப்பு வேகவில்லை. அந்த வருஷம் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தைவான் நாடகத்தின் பாட்டுக்குப் பைத்தியம். அதை யாரோ ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார்கள். யாரென்று தேடினால் சீன இசைக்குழுவில் எர்ஹு வாசிக்கும் ஒரு பெண். உணவகத்தில் அவள் மேசைக்குப் போய் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். பையிலிருந்து இசைத்தாளை எடுத்துக் காட்டினாள். ஐந்து கோடு இல்லை, வெறும் எண்கள்! ஜியான்பு என்று பெயர். 1 முதல் 7 வரை ஏழு சுரம், 0 என்றால் மௌனம். அவள் ஒன்றையும் மாற்றி எழுதவே வேண்டியதில்லை, இசைத்தாளைப் பார்த்து அப்படியே போனில் அழுத்த வேண்டியதுதான். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று கிடைத்த ரகசியம் அந்தக் குழுவில் அத்தனை பேருக்கும் தினப்படி சமாச்சாரம்.

பொறாமை வந்திருக்க வேண்டும், ஆனால் வேடிக்கைதான் பெரிதாக இருந்தது. என் பாட்டு நோட்டை எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையில் புள்ளி. அவள் எண்ணின் தலையிலும் புள்ளி. கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி, அவளுக்கும் அப்படியே. நீளத்தைப் பாதியாக்க அவள் எண்ணுக்கு அடியில் கோடு போடுவாள். நாங்களும் கோடு இழுப்பவர்கள்தான், எழுத்துக்கு மேலே. இடைவேளை மணி அடிப்பதற்குள், அவள் தாளில் இருந்த ஒரு மெட்டை நான் ச ரி க ம-வில் பாடிக் காட்டினேன். மேசையில் இருந்தவர்கள் சிரிசிரியென்று சிரித்தார்கள், அப்புறம் இன்னொன்று பாடச் சொன்னார்கள். காலைப் பள்ளியில் எனக்கு உட்கார ஒரு மேசை கிடைத்தது அன்றைக்குத்தான். அங்கே நான் பிரபலம் ஆகவில்லை. அவளோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவே பீட்டி ரோட்டில் ஒரு பையன் வண்ணத் திரையும் கேமராவும் இருந்த நோக்கியா 7650-ஐக் கொண்டு வந்தான். கேமரா வைத்த போனை நாங்கள் கையில் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவனைச் சுற்றி எப்போதும் கூட்டம். நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் போனைப் பார்க்கிறது, அவன் அதை ஏந்தி நிற்கும் கை. அவன் ஒரு வாரம் வராதபோது "போன் வரலையா?" என்று கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் மவுசில் உள்ள வம்பு இதுதான்: அடுத்த ஒப்பந்தம் முடியும்போது இன்னொரு அப்பா இன்னொரு போன் வாங்குவார், கூட்டம் அந்தப் பக்கம் நகரும். பிள்ளைக்குப் பள்ளியில் மதிப்பு வர வேண்டும் என்று ஆயிரம் வெள்ளிக்கு மேல் போன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையனின் முகம் ஞாபகத்துக்கு வரும். நல்ல பையன், கேட்டால் யாருக்கும் போனைக் கொடுத்துவிடுவான்.

என் கடையும் ரொம்ப நாள் ஓடவில்லை. ஒரே நேரத்தில் பல சுரம் ஒலிக்கும் போன்கள் ஒவ்வொன்றாக ஒப்பந்த வரிசையில் இறங்கி வந்தன. அதில் தபேலா கேட்டது, பின்னணியில் வயலின் கேட்டது. அதற்குப் பக்கத்தில் 3310-இன் கீச்சு கொசு பாடுவதுபோல இருந்தது. 2003 ஜூன் 20-இல் வடகிழக்கு ரயில் பாதை திறந்து, நாங்கள் ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கிக் குளிர்சாதனத்திலிருந்து நேராக வகுப்புக்கு வரத் தொடங்கியபோது, தாள் கேட்பவர்கள் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தார்கள். யாரும் என்னை ஒதுக்கவில்லை, வெறுக்கவில்லை. தேவை போய்விட்டது, அவ்வளவுதான். புதுச் சாமான் ஒன்று வருகிறது. அது எல்லார் கையிலும் சுலபமாகப் புழங்கும்வரை நடுவில் கொஞ்ச காலம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச காலத்தில் அதைப் பழக்கத் தெரிந்தவனுக்கு வாழ்வு. பள்ளியில் தொழில்நுட்பத்தால் வரும் மவுசு முழுவதும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது என்பது என் கட்சி.

அந்த வருஷம் மார்ச் கடைசியில் சார்ஸ் தொற்றுநோய்ப் பயத்தில் பள்ளிகளை மூடினார்கள். வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள் மொத்தமாகக் கணினியில் அரட்டையடிக்கும் எம்எஸ்என் மெசஞ்சருக்குக் குடிபெயர்ந்தார்கள். (பள்ளி திறந்த பிறகு ஆளுக்கொரு டிஜிட்டல் வெப்பமானி கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே நாளில். எனக்குத் தெரிந்து எவருக்கும் ஒரு துளி மவுசும் தராத மின்னணுக் கருவி அது ஒன்றுதான்.) எம்எஸ்என்னில் யாராவது உள்ளே வந்தால் திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு அறிவிப்பு எழும்பும். ஆகவே ஒருவர் கண்ணில் பட வேண்டுமென்றால் வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், உள்ளே வருவார்கள். வாசலில் காரணமில்லாமல் நாலு தடவை குறுக்கே நடப்பவர்களை அந்தக் காலத்துப் பெரியவர்கள் திண்ணையிலிருந்து கண்டுபிடித்தார்கள், நாங்கள் அந்த மூலையிலிருந்து கண்டுபிடித்தோம்.

2005-இல் வந்த பதிப்பில், நாம் கணினியில் என்ன பாட்டு கேட்கிறோம் என்பதைப் பெயருக்குக் கீழே எல்லாருக்கும் காட்டும் வசதி வந்தது. என் சிநேகிதி ஒருத்தி ராத்திரி முழுக்க இளையராஜா கேட்பாள். காலைப் பள்ளிக் கூட்டம் பார்க்கும் இடத்தில் அது வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாள். அதற்காகப் பாட்டை மாற்றவில்லை. ஒவ்வொரு கோப்பின் உள்விவரத்தையும் திறந்து, பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் அழித்துவிட்டு ஆங்கில ராக் குழுக்களின் பெயரைப் போட்டாள். நூற்றுக்கணக்கான பாட்டு. காதில் மேகமும் மழையும், திரையில் மின்கிதார். வேறு ஒருவன் தலைகீழ்: ஆங்கிலப் பாட்டுதான் கேட்பான், பீட்டி ரோடு சிநேகிதர்கள் இணையத்தில் இருக்கும் நேரம் பார்த்துத் தமிழ்ப் பாட்டை ஓட விட்டு ஒலியைக் குறைத்துவிடுவான். இவர்கள் இருவரையும் பார்த்து நான் சிரித்ததே இல்லை. இரண்டு பள்ளி இருந்தால் இரண்டு முகம் வேண்டியிருக்கிறது, அதற்குக் கருவி ஒன்று கிடைத்தால் பயன்படுத்தத்தான் செய்வார்கள்.

வலைப்பூக் காய்ச்சலும் அதே சமயம்தான் அடித்தது. காலைப் பள்ளியில் பேர் பெற்ற பெண்கள் எல்லாருக்கும் ஒரு வலைப்பூ. அதற்கு அலங்காரம் வேண்டும், பக்கத்தைத் திறந்ததும் பாட்டு தானாக ஓட வேண்டும், ஓரத்தில் வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு டேக்போர்டு வேண்டும். வலைப்பூவின் நிரலில் எந்த வரியைத் தொட்டால் என்ன நிறம் மாறும் என்று நான் கற்றுக்கொண்டிருந்தேன், ஆகவே மறுபடி ஆள் வரத் தொடங்கியது. கூலி என்ன தெரியுமா? அவர்கள் பக்க ஓரத்தில் இருக்கும் இணைப்புப் பட்டியலில் என் பெயர். அந்தப் பட்டியலை நாங்கள் படித்த அளவுக்குப் பாடப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டோம். யார் முதலில், யார் கடைசியில், போன வாரம் மூன்றாவதாக இருந்தவள் ஏன் எட்டாவதுக்குப் போனாள். முன்பும் வகுப்பில் இந்த வரிசை இருந்தது. ஆனால் அது ஊகம். "அவளுக்கு என்னைப் பிடிக்கலையோ" என்று ஒரு சந்தேகத்தோடு தூங்கலாம், மறுநாள் சிரித்தால் சந்தேகம் தீரும். பட்டியலாக எழுதிப் போட்ட பிறகு அந்தச் சந்தேகத்தின் சலுகை போய்விட்டது.

டேக்போர்டைப் பற்றி ஒரே வரி. அங்கே பெயர் போடாமல் எழுதலாம். பெயர் போடாமல் எழுதினார்கள். பேர் பெற்றவளுக்குத்தான் அதிகம் எழுதினார்கள்.

அந்தக் காலத்துச் சமூக வலைத்தளமான ஃபிரண்ட்ஸ்டர் இதையெல்லாம் எண்ணாகவே மாற்றியது. அதில் நண்பர் எண்ணிக்கை, கீழே மற்றவர்கள் நம்மைப் பற்றி எழுதிய பாராட்டுரைகள். பாராட்டுரை நாம் ஒப்புக்கொண்டால்தான் பக்கத்தில் ஏறும் என்பதால் எல்லாம் தேனாகவே இருக்கும். நீ எனக்கு எழுது நான் உனக்கு எழுதுகிறேன் என்று கல்யாண மொய் கணக்கில் நடந்தது. அதைவிடக் கூத்து 2005-இன் பிற்பகுதியில்: நம் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்பதைக் காட்டத் தொடங்கினார்கள். எங்களுக்குச் சாதாரண நிலைத் தேர்வு (ஓ-லெவல்) நெருங்கிய நேரம். அதுவரை ராத்திரி ராத்திரியாகப் போய் ஒரு குறிப்பிட்ட பையனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். ஒளிந்து பார்க்கவும் வழி வைத்திருந்தார்கள், ஆனால் ஒளிந்தால் உன்னை யார் பார்த்தார்கள் என்பதும் உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்ப்பதா, பார்த்தவர்களைத் தெரிந்துகொள்வதா? என் வகுப்பில் அநேகமாக எல்லாரும் ஒளிவதை விட்டுவிட்டார்கள். தான் பிடிபடும் வெட்கத்தைவிடத் தன்னை யார் பார்த்தார் என்ற ஆசை பெரிதாக இருந்தது. இன்றைக்கு வரும் ஒவ்வொரு செயலியும் அந்த ஆசையின் மேல்தான் கடை போட்டிருக்கிறது. 2011-இல் ஃபிரண்ட்ஸ்டர் பழைய படங்களையும் பாராட்டுரைகளையும் அழித்தபோது, வேண்டியவர்கள் எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் எடுக்கவில்லை. மொய்ப் பணத்தை யார் சட்டம் போட்டு மாட்டுவார்கள்?

இப்போது அக்கா மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்க, இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூட, கைப்பேசியையும் திறன் கைக்கடிகாரத்தையும் தொடக் கூடாது என்று கல்வி அமைச்சு விதி கொண்டுவந்திருக்கிறது. பள்ளி வழியாக வாங்கிய, மடிக்கணினி போன்ற கற்றல் கருவியும் இரவு பத்தரைக்குத் தூங்கிவிடும்படி வைத்திருக்கிறார்கள். இந்த விதி வந்தபோது அக்கா சந்தோஷப்பட்டாள், மகள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பக்கமும் சேராமல் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் டெலிகிராமுக்கு ஸ்டிக்கர் செய்கிறாள். வகுப்பில் யாராவது ஏதாவது உளறினால் அன்று இரவே அது ஒரு சின்னப் படம். முட்டைக்கண் வைத்து ஒரு முகம், கீழே அந்த உளறல், ஓரம் 512 புள்ளி அகலத்துக்குச் சரியாக வெட்டி அனுப்பினால் டெலிகிராம் ஒரு தொகுப்பாகக் கட்டி இணைப்பு கொடுத்துவிடும். நன்றாகத்தான் வரைகிறாள். அவளுடைய ஸ்டிக்கர் வேறு பள்ளிக் குழுக்களிலும் ஓடுகிறதாம்.

"உன்னுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என் தாளை வாங்க என்னிடம் வர வேண்டியிருந்தது, தப்பு வந்தால் மறுபடி வர வேண்டியிருந்தது. இது ஒரு விநாடியில் ஆயிரம் பேரிடம் போய்விடுகிறது, செய்தவளை யார் தேடுவார்கள் என்று என் கட்சியை எடுத்துச் சொன்னேன்.

"சித்தி, லிங்க்லயே என் பேர் இருக்கு" என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. தொகுப்புக்குப் பெயர் வைக்கும்போதே தன் செல்லப் பெயரை அதில் சேர்த்துவிடுகிறாள். யார் அந்த ஸ்டிக்கரைத் தொட்டாலும் பெயர் வரும். யாரோ ஒருத்தி படங்களைச் சுட்டுத் தன் பெயரில் தொகுப்பு போட்டுவிட்டதால் இப்போது ஒவ்வொரு முகத்திலும் இடது காதுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மச்சமும் வைக்கிறாளாம்.

புது விதியால் தொழில் படுத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம், கூடியிருக்கிறது. முன்பெல்லாம் யாராவது ஏதாவது சொன்னால் அங்கேயே குழுவில் எழுதிக் கேட்டுவிடுவார்கள், நூறு செய்திக்கு நடுவில் அது அடித்துப் போய்விடும். இப்போது இடைவேளையில் போன் கிடையாது. வந்து நிற்கிறார்கள். துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள், யார் என்ன சொன்னது, எந்த முகம், கோபமா சிரிப்பா என்று. பென்சில் பெட்டிக்குள் மடித்து மடித்து வைத்திருந்ததைக் காட்டினாள். அமைச்சு இதை எதிர்பார்த்திருக்காது. பிள்ளைகள் நேருக்கு நேர் பேசட்டும் என்று விதி போட்டால், நேருக்கு நேர் வந்து ஸ்டிக்கருக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். எனக்கென்னவோ இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரிகிறது. யார் முகத்தை வரைகிறாயோ அவர்களிடம் கேட்டுவிட்டு வரை, ஆசிரியர்கள் முகம் வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அதை மட்டும் கேட்டுக்கொண்டாள், அல்லது கேட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டினாள்.

என் ரிங்டோன் கதையைச் சொன்னபோது மாயாமாளவகௌளை வரை பொறுமையாகக் கேட்டாள். ஜியான்பு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடிந்ததும் அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தீங்களே, என்ன வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கல. ஒரு அண்ணன் மட்டும் ஒரு தடவை குடிக்க மைலோ டைனோசர் வாங்கிக் கொடுத்தாரு."

"ஒரே ஒரு மைலோவா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஒரு ஸ்டிக்கருக்கு ஒரு பபிள் டீ, சித்தி. அவசரம்னா முத்து கூடுதலா."